30ஆம் எண் தீயணைப்பு நிலையம்: ஒரு கட்டில், ஒரு அடுப்படி, 32 ஆண்டுகள்

[காட்சி: சாலையோரம் இரண்டு மாடிக் கட்டடம். கீழே வண்டி வெளியேறும் அகலக் கதவுகள்.]

லாஸ் ஏஞ்சலிஸ், 1401 தெற்கு சென்ட்ரல் அவென்யூ. 1913இல் கட்டிய தீயணைப்பு நிலையம். 1924 முதல் 1955 வரை இங்கே வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் கறுப்பின வீரர்கள். ஊரின் மற்ற நிலையங்களில் அவர்களைச் சேர்ப்பதில்லை. இதே சாலையில் இன்னும் தெற்கே, 34ஆம் தெருப் பக்கம் இருந்த 14ஆம் எண் நிலையமும் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அவ்வளவு பெரிய நகரத்தில் இரண்டே இரண்டு.

ஏன் இந்தச் சாலை? வீட்டுப் பத்திரத்திலேயே "கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது" என்று எழுதி வைத்த காலம் அது. அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல்தான். அதுவரை குடியிருப்பும் கடையும் சர்ச்சும் சென்ட்ரல் அவென்யூவை ஒட்டியே வளர்ந்தன. மற்ற ஹோட்டல்களில் அறை கிடைக்காத ஜாஸ் கலைஞர்கள் தங்கிய டன்பார் ஹோட்டலும் இந்தச் சாலையில்தான் இருந்தது.

[காட்சி: பழைய கெமிக்கல் வண்டியின் வரைபடம்.]

கதை இன்னும் முன்னால் தொடங்குகிறது. நகரத்தின் முதல் கறுப்பின தீயணைப்பு வீரர் சாம் ஹாஸ்கின்ஸ். அழைத்தால் வந்து வேலை செய்பவர். 1895 நவம்பரில் தீ நடந்த இடத்துக்கு விரையும்போது நீராவி வண்டியிலிருந்து விழுந்தார். கொதிகலனுக்கும் சக்கரத்துக்கும் நடுவே சிக்கி இறந்தார். 1897இல் ஜார்ஜ் பிரைட் சேர்ந்தார். 1902இல் அவருக்கு லெப்டினன்ட் பதவி உயர்வு வந்தது. வெள்ளையர்களுக்கு ஒரு கறுப்பினத்தவர் உத்தரவு போடுவதா என்ற கேள்வி எழுந்தது. துறை கண்டுபிடித்த வழி: கறுப்பின வீரர்களைக் கொண்டே ஒரு கெமிக்கல் கம்பெனியை (தீயணைப்பில் கம்பெனி என்றால் ஒரு வண்டியும் அதன் குழுவும்) அமைத்து, அவரை அதற்குப் பொறுப்பாக்கியது.

கெமிக்கல் கம்பெனி என்றால்? தொட்டி நிறைய சோடா உப்பு கரைத்த தண்ணீர். அதன் மேலே தனிக் குடுவையில் கந்தக அமிலம். அமிலத்தைக் கவிழ்த்தால் கரியமில வாயு பொங்கும். அந்த அழுத்தமே தண்ணீரைக் குழாய் வழியே தள்ளிவிடும். நீராவி பம்ப் சூடேறும்வரை காத்திருக்க வேண்டாம், சின்னத் தீயைச் சட்டென்று அடக்கலாம். ஆனால் தொட்டியில் உள்ளது தீர்ந்தால் தீர்ந்ததுதான். அமிலம் ஒருமுறை கலந்துவிட்டால் திரும்பப் பிரிக்கவும் முடியாது.

பிரைட்டுக்காகச் செய்த ஏற்பாடு அப்படியே தங்கிவிட்டது. அதன் விளைவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கம்பெனிக்கு, ஒரு ஷிப்டுக்கு, ஒரு கேப்டன். நிலையம் இரண்டுதான் என்றால் கேப்டன் நாற்காலிகளை விரல்விட்டு எண்ணலாம். இருப்பவர் ஓய்வு பெற்றால்தான் அடுத்தவருக்கு வழி. பல நிலையங்களை மேற்பார்க்கும் பட்டாலியன் சீஃப் பதவிக்கு வாய்ப்பே இல்லை. அந்தப் பதவியில் வெள்ளையர் நிலையங்களும் கீழே வரும். புதிதாக ஆள் எடுப்பதும் இந்த இரண்டு இடத்தில் காலி விழுவதைப் பொறுத்தே. ஆர்னெட் ஹார்ட்ஸ்ஃபீல்ட் 1940இல் சேர்ந்தார், வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனார். 1961இல் ஓய்வு பெறும்போதும் சாதாரண வீரர்தான். திறமையை அளக்கும் தேர்வு எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், நாற்காலி இல்லாத இடத்தில் அதனால் ஒன்றும் ஆகாது.

[காட்சி: மாடிக் கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். ஓரத்தில் கம்பம்.]

பெரிய தீ என்றால் பல நிலையங்களின் வண்டிகள் ஒரே இடத்துக்கு வரும். புகைக்குள் யார் பக்கத்தில் யார் என்று பார்க்க நேரமில்லை. தகராறு நிலையத்துக்குள்தான். தீயணைப்பு வீரர் அங்கே சமைப்பார், சாப்பிடுவார், தூங்குவார். ஒரு ஷிப்ட் எழுந்துபோன கட்டிலில் அடுத்த ஷிப்ட் விரிப்பை மாற்றிப் படுக்கும். இந்தக் கட்டிலையும் சமையல் பாத்திரத்தையும் பகிர்வதைத்தான் எதிர்த்தார்கள். 1950களில் சிலரை வெள்ளையர் நிலையங்களுக்கு மாற்றியபோது, சொந்தப் பாத்திரம் கொண்டுவரச் சொன்னார்கள். மற்றவர்கள் முடித்த பிறகு தனிப் பந்தி. கறுப்பினத்தவருக்கென்று ஒரே கட்டில்.

கம்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாடியிலிருந்து சறுக்கி இறங்கும் அந்தக் கம்பம் உருவானதே சிகாகோவில், கறுப்பின வீரர்கள் பணியாற்றிய 21ஆம் எண் என்ஜின் கம்பெனியில், 1878இல். வண்டியில் வைக்கோலைக் கட்டப் பயன்பட்ட கழியைப் பிடித்து ஒரு வீரர் சறுக்கியதைப் பார்த்து, கேப்டன் டேவிட் கென்யன் பைன் மரத்தில் சுமார் 3 அங்குல விட்டத்தில் ஒன்று இழைத்தார். வார்னிஷ் அடித்து, மேலே மெழுகு பூசினார்கள். படியில் நெருக்கியடித்து இறங்கும் நேரம் மிச்சமானது. ஆபத்தும் உண்டு: இருட்டில் தூக்கக் கலக்கத்தோடு ஓட்டைக்குள் கால் வைத்தால் எலும்பு முறியும். அதனால்தான் ஓட்டையைச் சுற்றித் தடுப்போ மூடியோ வந்தது.

[காட்சி: 1954, செய்தித்தாள் அச்சகம்.]

1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கறுப்பின வீரர்கள் 'ஸ்டென்டோரியன்ஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ஐம்பது பேர் குரல் கொண்ட கிரேக்க வீரன் ஸ்டென்டாரின் பெயர் அது. துறையின் தலைமை அதிகாரி ஜான் ஆல்டர்சன், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே நிலையத்தில் சேர்ந்து வேலை பார்ப்பதைக் கடைசிவரை எதிர்த்தார். 1955 கடைசியில் விலகினார். புதிதாக வந்த வில்லியம் மில்லர் காலத்தில், 1956 செப்டம்பருக்குள் எல்லா நிலையங்களும் கலந்தன. ஆனால் அடுப்படி வழக்கங்கள் ஆணை வந்த அன்றே மாறவில்லை. தனியாக மாட்டிக்கொண்ட தோழரை இரவில் போய்ப் பார்த்துக் காவல் இருந்தது இந்தச் சங்கம்தான்.

துறையின் உச்சிக்கு ஒரு கறுப்பின அதிகாரி, டக்ளஸ் பாரி, வந்தது 2007இல்.

30ஆம் எண் நிலையம் 1980இல் மூடப்பட்டது. 1997 டிசம்பரில் கறுப்பின தீயணைப்பு வீரர்களின் அருங்காட்சியகமாகத் திறந்தது. 2009இல் இதுவும் 14ஆம் எண் நிலையமும் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தன. கீழ்த்தளத்தில் பழைய வண்டிகள். மாடியில் நாடெங்கும் இருந்து வந்த வீரர்கள், கேப்டன்கள், சீஃப்களின் படங்கள். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் உயிர்விட்ட 12 கறுப்பின தீயணைப்பு வீரர்களின் நினைவிடமும் அங்கேதான்.