தொப்பி கழற்றாதவர்களும் ஒரு நாலடி மனிதரும்

நேயர்களுக்கு வணக்கம்.

பஸ்ஸில் நடத்துநர் நம்மைப் பார்த்து ‘நீ தள்ளி நில்லு’ என்று சொல்லிவிட்டால் எத்தனை பேருக்குக் கோபம் வருகிறது! ஒரே ஓர் எழுத்துதான். ஆனால் யார் மேலே, யார் கீழே என்பதெல்லாம் அந்த ஓர் எழுத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் இந்தத் தகராறு இருந்தது. இன்றைய ஆங்கிலத்தில் நீ, நீங்கள் வேறுபாடு கிடையாது. அன்று இருந்தது. பெரிய மனிதரிடம் ‘நீங்கள்’ என்றுதான் பேச வேண்டும், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடிக்கவும் வேண்டும். 1650களில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றிச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவக் கூட்டம் இரண்டையும் மறுத்தது. நீதிபதியையும் ‘நீ’ என்றது, பிரபுவையும் ‘நீ’ என்றது. தொப்பியைக் கடவுளுக்கு முன்னால் மட்டும்தான் கழற்றுவோம் என்றது. ஊர் அவர்களைக் கேலியாகக் குவேக்கர்கள், அதாவது நடுங்குபவர்கள், என்று கூப்பிட்டது. அவர்கள் தங்களை ‘நண்பர்கள்’ என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது என்பதுதான் அவர்களுடைய நம்பிக்கை. ஆகவே பாதிரியார் தேவையில்லை. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு உள்ளிருந்து தூண்டல் வருகிறதோ அவர் எழுந்து பேசலாம். பெண்ணும் பேசலாம். அந்தக் காலத்தில் இது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தார் மேரி டையர் என்ற குவேக்கர் பெண்மணியை 1660இல் தூக்கிலேயே போட்டார்கள். நாடு கடத்தியும் திரும்பத் திரும்ப வந்தார் என்பதுதான் குற்றம்.

தொப்பிக் கதை ஒன்று சொல்லாமல் நகர முடியாது. 1670இல் லண்டன் நீதிமன்றத்துக்கு வில்லியம் பென் என்ற இளைஞரைக் கொண்டுவந்தார்கள். வரும்போது அவர் தலையில் தொப்பி இல்லை. நீதிமன்றச் சேவகர் ஒரு தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்தார். உடனே, தொப்பி கழற்றாத குற்றத்துக்கு அபராதம்! வைத்தது யார் என்று கேட்கக் கூடாது.

அந்த பென்னுக்குத்தான் 1681இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் அமெரிக்காவில் ஒரு பெரிய நிலப்பரப்பைக் கொடுத்தார். பென்னின் அப்பாவுக்கு அரசு கடன் பட்டிருந்தது, அதற்கு ஈடு. அதுதான் பென்சில்வேனியா. அங்கே அரசுக்கென்று தனிச் சர்ச் கிடையாது, தொடக்கத்தில் படையும் கிடையாது. குவேக்கர் கடைகளில் பேரமும் கிடையாது. ஒரு பொருளுக்கு ஒரு விலை. பத்து ரூபாய்ப் பொருளை இருபது என்று சொல்லிவிட்டு இறங்கி வருவது பொய் சொல்வதாகும் என்பது அவர்கள் வாதம். இவர்கள் கடைக்குச் சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் ஏமாறாது என்று ஊரில் பேச்சு பரவி வியாபாரம் கொழித்தது.

சரி, இவ்வளவு நல்லவர்கள் வீட்டில் வேலை செய்தது யார்? அடிமைகள். பென் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். எல்லோருக்குள்ளும் ஒளி உண்டு, ஆனால் சமையற்கட்டில் நிற்பவரை விலைக்கு வாங்கலாம். நான் இன்று பேச வந்தது இதைப் பற்றித்தான். வெளியாரைத் திருத்தப் போனவர்கள் தங்கள் வீட்டைத் திருத்த எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள்?

1688. இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிலடெல்ஃபியா பக்கத்தில் ஜெர்மன்டவுன் என்ற ஊரில் நான்கு பேர் ஒரு மனு எழுதினார்கள். கடலில் துருக்கியர் கப்பல் பிடித்து அடிமையாக விற்றுவிடுமோ என்று நாம் பயந்து நடுங்கினோமே, இப்போது நாம் செய்வது என்ன என்று அதில் கேட்டார்கள். மனு உள்ளூர்க் குவேக்கர் சபையின் மாதக்கூட்டத்துக்குப் போனது. ‘இது ரொம்பப் பெரிய விஷயம், நாங்கள் தலையிட முடியாது’ என்று காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். அவர்களும் அதையே சொல்லி ஆண்டுக்கூட்டத்துக்கு அனுப்பினார்கள். ஆண்டுக்கூட்டம் ஓரமாக வைத்துவிட்டது. நம்மில் எத்தனை பேர் ஒரு விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு மேசை அலைந்திருக்கிறோம்! அந்தக் காகிதம் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது 1844இல்.

இனி என் ஆளிடம் வருகிறேன். வகுப்பில் நான் எந்தப் பாடம் எடுத்தாலும் கடைசியில் பெஞ்சமின் லேயில் போய் முடியும் என்று மாணவர்கள் கிண்டல் செய்வார்கள். முடியட்டும்.

லே நாலடி உயரம்தான் இருப்பார், முதுகில் கூன். கப்பலில் மாலுமியாக இருந்தவர். கொஞ்ச காலம் பார்படோஸ் தீவில் கடை வைத்திருந்தார். அங்கே ஓர் எஜமானர் திங்கட்கிழமை தோறும் அடிமைகளைச் சாட்டையால் அடிப்பாராம். பீப்பாய் செய்யும் அடிமை ஒருவர் ஒரு ஞாயிறு இரவே உயிரை விட்டுவிட்டார், திங்கட்கிழமையைப் பார்க்க விரும்பாமல். அந்த எஜமானர் ஒரு குவேக்கர். லே அதை மறக்கவே இல்லை. 1732இல் பென்சில்வேனியாவுக்கு வந்தார். பிறகு குகை போன்ற ஒரு வீட்டில் குடியிருந்தார். தன் துணிக்குத் தானே நூல் நூற்றார், மாமிசம் தொடவில்லை. அடிமைகள் விளைவித்தது என்பதால் சர்க்கரையும் தொடவில்லை.

பனிக்காலத்தில் ஒரு நாள் தொழுகைக் கூட்ட வாசலில் ஒரு காலில் செருப்பில்லாமல் பனியில் நின்றார். வந்தவர்கள் பதறினார்கள்: உடம்புக்கு ஆகாது, உள்ளே வா. அவர் சொன்னார்: என் கால் மேல் இத்தனை கரிசனமா? உங்கள் வயலில் குளிர்காலம் முழுக்க அரைத்துணியோடு நிற்கிறவர்களை நினைத்தீர்களா?

1738இல் பர்லிங்டன் ஊரில் ஆண்டுக்கூட்டம். 1688 மனுவை ஓரங்கட்டிய அதே ஆண்டுக்கூட்டம்தான். லே பெரிய அங்கி போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே பட்டாளத்துச் சட்டை, இடுப்பில் வாள். கையில் நடுவில் குடைந்த ஒரு புத்தகம். அந்தக் குழிக்குள் ஒரு காட்டுப்பழத்தின் சிவப்புச் சாறு நிரப்பிய பை. எழுந்தார். அங்கியை உதறினார். சக மனிதரை அடிமையாக வைத்திருப்பவரின் இரத்தத்தைக் கடவுள் இப்படித்தான் சிந்துவார் என்று சொல்லி வாளைப் புத்தகத்தில் பாய்ச்சினார். சாறு பக்கத்தில் இருந்தவர்கள் மேலெல்லாம் தெறித்தது. கத்தியே எடுக்கக் கூடாத மதத்தார் கூட்டத்தில் இது! ஆளைத் தூக்கி வெளியே போட்டார்கள், சபையை விட்டும் நீக்கினார்கள். அவர் எழுதிய அடிமை எதிர்ப்பு நூலை அச்சிட்டவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அச்சகத்தார் பெயர் மட்டும் அதில் இல்லை. ஃபிராங்க்ளின் கெட்டிக்காரர்.

லே போன்றவர் ஒருவர் போதாது, சத்தம் போடாத ஆளும் வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன். நியூ ஜெர்சியில் ஜான் உல்மன் என்ற தையல்காரர் இருந்தார். இளவயதில் கடையில் கணக்கெழுதும்போது முதலாளி ஒரு கறுப்பினப் பெண்ணை விற்கும் பத்திரத்தை எழுதச் சொன்னார். மனம் ஒப்பாமலே எழுதினார். அந்த உறுத்தல் வாழ்நாள் முழுக்க இருந்தது. பிறகு ஊர் ஊராகப் போய் எஜமானர்கள் வீட்டில் தங்கி, யாரையும் திட்டாமல், தனக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டுக் கிளம்புவார். திட்டு வாங்கியிருந்தால்கூட அந்த வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

1758இல் ஆண்டுக்கூட்டம் அடிமைகளை வாங்கி விற்பவர்களுக்குச் சபைக் காரியங்களில் இடமில்லை என்று தீர்மானித்தது. செய்தி கேட்ட லே, இனி நிம்மதியாகச் சாவேன் என்றார். சில மாதங்களில், 1759 தொடக்கத்தில், இறந்தார். 1776இல்தான் அடிமையை வைத்திருக்கவே கூடாது என்று விதி வந்தது. 1688இலிருந்து கணக்குப் போடுங்கள். 88 ஆண்டுகள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கறுப்பினப் பிள்ளைகளுக்கு இரவில் தன் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்த ஆன்டனி பெனசெட்டைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். முடியாது. சிறைச் சீர்திருத்தத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அவர்கள் சறுக்கிய இடம். சாட்டையும் தூக்கும் வேண்டாம், கைதி தனியே மௌனமாக இருந்தால் மனம் திருந்துவான் என்று மற்றவர்களோடு சேர்ந்து நம்பினார்கள். 1829இல் ஃபிலடெல்ஃபியாவில் தனியறைச் சிறை ஒன்று திறந்தது. தானாக விரும்பி உட்காரும் மௌனம் வேறு, கதவைப் பூட்டி விதிக்கும் மௌனம் வேறு. பலருக்கு அங்கே புத்தி பேதலித்தது.

அப்புறம் பெண்கள். 1848 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீட்டில் தேநீர் குடிக்க ஐந்து பெண்கள் கூடினார்கள். நான்கு பேர் குவேக்கர்கள். அன்றே பத்திரிகைக்கு ஓர் அறிவிப்பு எழுதினார்கள், பத்தே நாளில் செனகா ஃபால்ஸ் ஊரில் பெண்ணுரிமை மாநாடு நடந்தது. அறுவடைக் காலம், கூட்டம் அதிகம் வராது என்று அவர்களில் ஒருவரான லுக்ரீஷியா மாட் பயந்தார். வந்தவர்கள் சுமார் 300 பேர். மாநாட்டில் என்ன நடந்தது என்பதற்கு நிலையத்தார் இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.