மலை நமக்கு மேற்கே இருக்கிறது

நண்பர்களே, பருவகாலப் படங்கள் என்று தேடினால் சிவந்த மேப்பிள் மரங்களும் பனி மூடிய வயல்களும்தாம் முதலில் வந்து நிற்கின்றன. அவற்றைப் பார்த்துப் பார்த்து, நம் ஊரில் பருவமே கிடையாது, வெயிலும் மழையும்தான் என்று இளைஞர்கள் பலர் நம்பிவிட்டார்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிறந்தவர்களே அப்படிச் சொல்லும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. தாமிரபரணிக் கரையில் பருவத்தை இலையில் தேடக் கூடாது. தண்ணீரிலும் காற்றிலும் மலையின் நிறத்திலும் தேடிப் படமெடுக்க வேண்டும்.

ஆனி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் கொட்டுகிறது. முகடுகளில் மேகம் அடைந்து கிடக்கிறது. கீழே நமக்கு வெயில். மேல்காற்று பனையோலைகளையெல்லாம் கிழக்கே தள்ளுகிறது. இங்கே ஒரு தூறல்கூட விழாமலேயே, பாபநாசம் அணை திறந்ததும் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிடுகிறது. கார் என்னும் முதல் போக நெல்லுக்குத் தொளி அடித்து, அதாவது வயலைச் சேறாக உழுது, நாற்று நடுகிறார்கள். நட்ட வயல் சில வாரங்களுக்குக் கண்ணாடிதான். மேகம் கவிந்த பொதிகை முழுவதும் அதில் தலைகீழாக விழுந்து கிடக்கும். ஆனால் காற்று எழும்புவதற்கு முன், விடியலிலேயே வரப்பில் நிற்க வேண்டும்; வெயில் ஏறினால் தண்ணீர் கலைந்துவிடும். பயிர் தூர் கட்டி மூடிவிட்டாலோ, அடுத்த போகமான பிசான நடவு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டரை நடவு வயலில் கழற்றிவிடுங்கள். குற்றாலத்துச் சாரலில் நனைந்த பாறையின் பளபளப்பை அடக்கி, பாசியின் பச்சையை எடுத்துக் கொடுப்பது அதுதான். நடவு வயலில் அதே ஃபில்டர் நீங்கள் தேடி வந்த மலையின் பிம்பத்தையே அழித்து, வெறும் சேற்றைக் காட்டிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை கிழக்கிலிருந்து வந்து சமவெளியிலேயே பெய்கிறது. குளங்கள் பெருகுகின்றன. மழை விட்ட மறுநாள் காலையில் மலையின் ஒவ்வொரு மடிப்பும், அதில் வெள்ளைக் கோடாக இறங்கும் ஓடையும் துல்லியமாகத் தெரியும். பங்குனியில் அதே மலை மூட்டத்தில் வெளிறி, இருக்கிறதா இல்லையா என்று நிற்கும். அதை அழகில்லை என்று ஒதுக்குகிறவர் பருவத்தைப் படமெடுக்கவில்லை. தமக்குப் பிடித்ததை மட்டும் எடுக்கிறார்.

மலை நமக்கு மேற்கே இருக்கிறது. ஆகவே அதன் முகத்தில் விழுவது காலை வெயில். மாலையில் சூரியன் அதன் பின்னால் இறங்க, கரிய விளிம்பு மட்டுமே மிஞ்சும். காலை வெயிலும் ஆண்டு முழுவதும் ஒன்றல்ல. ஆனியில் சூரியன் வடகிழக்கில் எழுகிறது, மார்கழியில் தென்கிழக்கில். ஒரே மலைச்சரிவின் நிழல் ஆனியில் தெற்கே விழும், மார்கழியில் வடக்கே விழும். மலையின் உருவமே மாறியதுபோல் இருக்கும். சித்திரைப் பிறப்பை ஒட்டி நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு மேலே வந்துவிடுகிறது. அந்த வேளையில் நிழலும் இல்லை, படமும் இல்லை.

இதெல்லாம் படத்தில் தெரிய வேண்டுமானால் நிற்கும் இடம் மாறக் கூடாது. ஒரு மடையையோ கல்பாலத்தையோ தேர்ந்தெடுத்து, அதே லென்ஸ், அதே உயரம் என்று ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் போங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணியும் கரைபுரண்டு ஓடியது. அதற்கு முன் கரை எங்கே இருந்தது, எந்த மரம் நின்றது என்று காட்ட, அதே இடத்திலிருந்து எடுத்த பழைய படத்தைவிட நல்ல சாட்சி ஏது?

படத்தோடு தேதியை மட்டும் எழுதினால் போதாது. கால்வாயில் தண்ணீர் விட்டார்களா, வயலில் நிற்பது என்ன நெல், நட்டு எத்தனை நாளாயிற்று என்று வயல்காரரிடம் கேட்டு எழுதுங்கள். அணையில் தண்ணீர் இல்லாமல் கார் பொய்த்து, அந்த வயல் தரிசாகக் கிடக்கும் ஆண்டும் வரும். அப்போதும் அதே மடையில் நின்று எடுங்கள்.