கலகப் படம் எங்கே நிற்கிறது?

அனைவருக்கும் வணக்கம். கலகத்தைப் பற்றிய மேற்கத்தியப் படங்கள் குறித்துப் பேசச் சொன்னீர்கள். அவற்றின் கடைசிப் பத்து நிமிடங்களைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கலகம் எப்படி வெடித்தது என்பதை எல்லா இயக்குநர்களும் நன்றாகவே எடுத்துவிடுகிறார்கள். வெடித்த பிறகு ஓர் இயக்குநர் கேமராவை எங்கே நிறுத்தினார் என்று பாருங்கள். அவருடைய அரசியல் அங்கேதான் பிடிபடும்.

முதலில் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டீனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்', ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றில் மாலுமிகள் செய்த கலகம். ஜார் மன்னருக்கு எதிரான 1905 புரட்சியின் இருபதாம் ஆண்டு நினைவுக்காக 1925-இல் எடுத்த மௌனப் படம். சிப்பாய்கள் மக்களைச் சுட்டுத்தள்ளும் ஒடெஸ்ஸா துறைமுக நகரப் படிக்கட்டையும் உருண்டோடும் குழந்தை வண்டியையும் பார்க்காத சினிமா மாணவர் கிடையாது. அந்தப் படிக்கட்டில் அப்படியொரு படுகொலை நடந்ததாக வரலாற்றில் இல்லை என்பதும் பலருக்குத் தெரிந்ததுதான். எனக்கு அதைவிடப் பிடித்தது இறைச்சிக் காட்சி. புழு நெளியும் மாட்டிறைச்சியைக் கப்பல் மருத்துவர் பரிசோதிக்க வருகிறார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, இரண்டாக மடித்து, பூதக்கண்ணாடிபோல் பிடித்துப் பார்க்கிறார். திரை முழுக்கப் புழு. அவரோ புழுவே இல்லை, உப்புத் தண்ணீரில் கழுவினால் போதும் என்கிறார். பின்னால் மாலுமிகள் அவரைக் கடலில் தூக்கி எறியும்போது அந்தக் கண்ணாடி மட்டும் கயிற்றில் மாட்டிக்கொண்டு ஆடும். படித்தவன் கண்ணெதிரே இருப்பதைப் பார்க்க மறுத்ததற்கு இவ்வளவு சிக்கனமான தண்டனையை வேறு யாரும் எடுத்ததில்லை.

சரி, படம் எங்கே நிற்கிறது? பொட்டெம்கினைச் சுட வந்த படையணி சுடாமல் வழிவிடுகிறது, மாலுமிகள் தொப்பியை வீசி ஆரவாரம் செய்கிறார்கள், செங்கொடி பறக்கிறது. இது கற்பனை இல்லை. கருங்கடல் படையணி அன்று உண்மையிலேயே சுடவில்லை. ஆனால் அதற்கு அடுத்த சில நாட்களில் நிலக்கரியும் உணவும் இல்லாமல் அலைந்த கப்பல், ருமேனியாவின் கான்ஸ்டன்ஸா துறைமுகத்தில் சரணடைந்தது. கலகத் தலைவர்களில் ஒருவரான மத்யுஷென்கோ இரண்டு ஆண்டு கழித்து ரஷ்யா திரும்பியபோது தூக்கிலிடப்பட்டார். ஐசன்ஸ்டீனுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? 1917 புரட்சி வென்றுவிட்டதால், 1905-இன் தோல்வியைக் காட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

ஹாலிவுட்டின் 'ஸ்பார்ட்டகஸ்' (1960) பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ரோமில் அடிமைகளின் கலகத்துக்குத் தலைமை தாங்கிய ஸ்பார்ட்டகஸின் உடல் போர்க்களத்தில் கிடைக்கவே இல்லை என்கிறது பழைய ரோமானியப் பதிவு. படத்தில் அவரைச் சிலுவையில் ஏற்றி, மனைவியை அழைத்து வந்து, கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டி, இவன் சுதந்திரமானவன் என்று சொல்ல வைக்கிறார்கள். ஆறாயிரம் பேர் சிலுவையில் தொங்கும் சாலையில் ஒரு குடும்பம் மட்டும் தப்பிப்பது ஹாலிவுட்டுக்குப் போதுமான விடுதலை. என்னைக் கேட்டால், அந்தப் படத்தின் உண்மையான கலகம் டைட்டிலில் நடந்தது. கம்யூனிஸ்ட் என்று கறுப்புப் பட்டியலில் தள்ளப்பட்டுப் பல ஆண்டுகள் புனைபெயர்களில் எழுதிவந்த டால்டன் ட்ரம்போவின் சொந்தப் பெயர், திரைக்கதாசிரியர் என்று திரையில் வந்தது. ரோமானியப் படையாக அணிவகுக்கச் சர்வாதிகாரி பிராங்கோவின் ஸ்பானிய ராணுவத்தை வாடகைக்கு எடுத்தார்கள் என்பது இன்னொரு வேடிக்கை.

இனி 'அல்ஜியர்ஸ் போர்', 1966. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போராட்டம் பற்றி இத்தாலிய இயக்குநர் கில்லோ பொன்டெகோர்வோ எடுத்தது. செய்திப்படத் துண்டு ஒன்றைக்கூடப் பயன்படுத்தவில்லை என்று அறிவிப்புப் போட வேண்டிய அளவுக்கு ஆவணப்படம்போல் இருக்கும். முக்கிய நடிகர்களில் தொழில்முறைக் கலைஞர் ழான் மார்டின் ஒருவர்தான். பிரெஞ்சுக் கர்னலாக வருபவர். கெரில்லாத் தலைவராக நடித்த ஸாதி யாசெஃப், நிஜத்தில் அந்தக் கெரில்லாத் தலைவர்தான்!

கலகப் படங்கள் வழக்கமாகத் தியாகியில் தொடங்கும். இது துரோகியில் தொடங்குகிறது. சித்திரவதையில் எலும்பும் தோலுமாக நடுங்கும் ஒரு மனிதர் வாயைத் திறந்துவிட்டார். சிப்பாய்கள் அவருக்குக் காபி கொடுத்து, தங்கள் சீருடையையே மாட்டிவிட்டு வழிகாட்ட இழுத்துப்போகிறார்கள். அவரை வெறுக்க நமக்கு மனம் வருவதில்லை. இன்னொரு இடம்: கூடையில் குண்டு கொண்டுவந்த அல்ஜீரியப் பெண் உணவகத்தில் உட்கார்ந்து சுற்றியிருக்கும் முகங்களைப் பார்க்கிறாள். ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறு குழந்தையின் முகமும் அதில் உண்டு. கூடையை வைத்துவிட்டுப் போகிறாள். பொன்டெகோர்வோ கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர், அல்ஜீரியர் பக்கம் நின்றவர். அப்படியிருந்தும் அந்தக் குழந்தையை வெட்டி எறியவில்லை. 2003-இல் இராக்கில் சிக்கிக்கொண்ட அமெரிக்க ராணுவத் தலைமையகம் பென்டகன் இந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தது. என்ன பாடம் கற்றார்களோ.

1957 அக்டோபரில் கடைசித் தலைவன் அலி லா பாயின்ட் ஒளிந்திருந்த வீட்டை வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். போர் தோற்றுவிட்டது. வேறு இயக்குநராக இருந்தால் அந்தப் புகையோடு முடித்திருப்பார். இவர் மூன்று ஆண்டுகளை ஒரே தாவாகத் தாவி 1960 டிசம்பருக்குப் போகிறார். தலைவர் யாருமின்றி, யார் அழைத்தார்கள் என்றும் தெரியாமல், மலைச்சரிவுக் குடியிருப்புகளிலிருந்து ஜனம் இறங்கி வருகிறது. இடையில் என்ன நடந்தது என்று படம் விளக்குவதே இல்லை. அந்த விளக்காத இடைவெளிதான் படத்தின் உச்சம் என்பேன்.

ஆனால் பொன்டெகோர்வோவும் ஓரிடத்தில் நிறுத்தத்தான் செய்தார். படம் உருவாகிக்கொண்டிருந்த 1965 ஜூனில், விடுதலை பெற்ற அல்ஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவர் பென் பெல்லாவை அவருடைய ராணுவ அமைச்சர் பூமெதியனே கவிழ்த்தார். தெருவில் வந்து நின்ற டாங்கிகளைப் படப்பிடிப்புக்கு வந்தவை என்று மக்கள் நினைத்ததாக ஒரு கதை உண்டு. படம் வெனிஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கச் சிங்கம் வாங்கியபோது பென் பெல்லா சிறைக்காவலில் இருந்தார்.

வென்ற பிறகு என்ன என்ற கேள்வி அவரையும் விடவில்லை என்று நினைக்கிறேன். 1969-இல் மார்லன் பிராண்டோவை வைத்து 'கெய்மாடா' எடுத்தார். கரீபியன் கற்பனைத் தீவு ஒன்றில், சர்க்கரை வியாபாரத்துக்காக அடிமைகளைக் கலகம் செய்யத் தூண்டிவிட்ட ஆங்கிலேயன், பத்து ஆண்டு கழித்து அதே கலகக்காரனை வேட்டையாட வந்து நிற்கிறான். 'அல்ஜியர்ஸ் போர்' அளவுக்கு இறுக்கமான படம் இல்லை, இடையில் தொய்கிறது. என்றாலும், நீங்கள் அடுத்த மாதம் 'அல்ஜியர்ஸ் போர்' திரையிடுவதாக இருந்தால், மறுநாள் மாலையே இதையும் போட்டுவிடுங்கள். விவாதத்தை இரண்டும் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.