அப்பத்தாவின் சீப்புச்சீடை

நடுவர் அவர்களே, வணக்கம். 'மனசுக்கு நெருக்கமான சொல் நினைவா, ஞாபகமா?' இதுதான் இன்றைய வழக்கு. 1939-ல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய காரைக்குடி இது. ஒரு சொல்லை எடைபோட ஒரு சாயங்காலத்தையே ஒதுக்குவது இங்கே புதிதில்லை. நான் நினைவின் கட்சி.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "கடைத்தெருவில் எவர் வாயிலும் ஞாபகம்தான்" என்றார். சரி, ஒப்புக்கொள்கிறேன். 'பால் வாங்க ஞாபகம் வச்சுக்கங்க' என்றுதான் என் மனைவியும் சொல்லி அனுப்புகிறாள். வெறுங்கையோடு திரும்பி வந்து நான் சொல்வதும் 'ஞாபக மறதி'தான். பாருங்கள், மறதியையும் கூடவே கூட்டிக்கொண்டு வருகிற சொல் அது!

ஞாபகம் வடசொல். அறியச் செய்வது என்று பொருள். வந்த சொல் என்று நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். பர்மாத் தேக்குத் தூணை வெளியூர் மரம் என்று நம் வீட்டில் யாராவது பிடுங்கிப் போடுகிறோமா? ஆனால் தூண் வேறு, வீடு வேறு.

நினைவு, 'நினை' என்ற வினையில் பிறந்தது. அந்த வினை பின்னாலும் போகும், முன்னாலும் போகும். 'ஊரை நினைத்தேன்' என்றால் பழசு. 'வீடு கட்ட நினைக்கிறேன்' என்றால் நாளைக்கு. லத்தீன் மெமோரியா பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் மெமரி ஆனதே, அதை வைத்து வீடு கட்ட முடியுமா? மயங்கி விழுந்தவருக்கு 'நினைவு திரும்பிவிட்டது' என்கிறோம். 'ஞாபகம் திரும்பிவிட்டது' என்று சொல்லிப் பாருங்கள், சினிமாக் கதையாகிவிடும்!

புரையேறினால் தலையில் தட்டி 'யாரோ நினைக்கிறாங்க' என்கிறோம். குறளில் ஒருத்திக்குத் தும்மல் வருவதுபோல் வந்து அடங்கிவிடுகிறது. 'நினைப்பவர் போன்று நினையார்கொல்' என்று தவிக்கிறாள். நினைக்க வந்தவர் நினைக்காமலே விட்டுவிட்டாரோ என்று. அந்த இடத்தில் ஞாபகத்தை வைத்தால் தும்மலே வராது.

என் அப்பத்தாவைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பள்ளத்தூரில் இருந்தார்கள். கடைசி இரண்டு வருஷம் யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஒருநாள் நான் போனபோது வளவில் தூணோரம் உட்கார்ந்திருந்தார்கள். முந்தானையில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால், நாலு சீப்புச்சீடை. ஒன்றை எடுக்கக் கை நீட்டினேன். சட்டென்று மூடிக்கொண்டார்கள்.

"இது என் பேரனுக்கு. மெட்ராஸ்லேர்ந்து வருவான். நீங்க தொடாதீங்க தம்பி."

அந்தப் பேரன் நான்தான் நடுவர் அவர்களே! என் முகம், என் பேர், எல்லா ஞாபகமும் போய்விட்டது. முடிச்சு மட்டும் அவிழவில்லை. அதற்கு எதிரணி என்ன பெயர் வைப்பார்கள்?

மணி அடித்துவிட்டீர்கள். அன்றைக்குக் கடைசிவரை எனக்கு ஒரு சீடைகூடக் கிடைக்கவில்லை என்பதைச் சபையில் பதிவு செய்துவிட்டு உட்காருகிறேன்.