வீட்டுத் தூணை வித்து சோஃபா வாங்கலாமா? செல்சி கணக்கு, காரைக்குடிப் பார்வையில்!

(திரையில்: காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் வளவு (நடு முற்றம்). தேக்குத் தூணில் சாய்ந்தபடி பேச்சு தொடங்குகிறது.)

ஒரு மேசன் மவுண்டை வித்தா நாலு என்ஸோ ஃபெர்னாண்டஸ் வாங்கலாம்.

என்னடா உளர்றான்னு தோணுதா? ரெண்டு பேரும் கால்பந்து ஆட்டக்காரங்க, நான் சொல்றது லண்டன் கிளப் செல்சி பத்தி. மவுண்டை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வித்தது 55 மில்லியன் பவுண்டுக்கு. என்ஸோவை போர்ச்சுகல் கிளப் பென்ஃபிகாகிட்ட வாங்கினது 106.8 மில்லியனுக்கு. நம்ம ஊர் பலசரக்குக் கடைக் கணக்குப்படி ஒரு மவுண்டுக்கு அரை என்ஸோதான் வரணும். ஆனா செல்சி பேரேட்டுல அந்த வருஷத்துக்கு நாலு வரும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். இதுல திருட்டுக் கணக்கு எதுவும் இல்ல. விதிப்படி எழுதின கணக்கு.

எப்படின்னு சொல்றேன். அதுக்கு நான் சாஞ்சு நிக்கிறேனே, இந்தத் தூண்தான் சாட்சி. இதை மறந்துடாதீங்க, கடைசி வரைக்கும் இது வரும்.

முதல்ல ஒரு வாக்குமூலம். நான் நடுநிலை ஆள் கிடையாது. 2012 மே 19, மியூனிக், சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. 88-வது நிமிஷம் செல்சியோட டிரோக்பா தலையால முட்டி கோல் போட்டப்ப நான் பள்ளிக்கூடத்துப் பையன். இங்க மணி நடு ராத்திரி ரெண்டு இருக்கும். பட்டாலையில உக்காந்து நான் போட்ட கத்துல, திருடன் வந்துட்டான்னு அப்பச்சி கம்பை எடுத்துக்கிட்டு ஓடி வந்தாக. அன்னைக்கு விழ வேண்டிய அடி பெனால்டி ஷூட் அவுட் வரைக்கும் தள்ளிப்போச்சு. அப்ப இருந்து நான் செல்சி.

பின்னணி சட்டுன்னு: 2022-ல உக்ரைன் போர், கிளப் முதலாளி ரோமன் அப்ரமோவிச் மேல பிரிட்டன் தடை, கிளப் விற்பனை, மே மாசம் அமெரிக்கப் பணக்காரர் டாட் போலியும் கிளியர்லேக்குங்கற முதலீட்டு நிறுவனமும் வாங்கினாங்க. அவ்வளவுதான். கதைக்கு வருவோம்.

(திரையில்: கறுப்பு அட்டை போட்ட நீளமான பழைய கணக்கு நோட்டு.)

2023 ஜனவரி கடைசி நாள். உலகக் கோப்பையில சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகாத என்ஸோவை செல்சி வாங்குது. பவுண்டுக்கு நூறு ரூபாய்னு வெச்சாலே 1,068 கோடி. அதைவிட வாயைப் பிளக்க வெச்சது கான்ட்ராக்ட். எட்டரை வருஷம்!

நான் அப்பச்சிகிட்ட சொன்னேன்: "அப்பச்சி, இவனுக்கு எட்டரை வருஷம் ஒப்பந்தமாம்."

"எட்டரையா? எங்க ஐயாவையே பர்மாவுக்கு மூணு வருஷத்துக்குத்தானடா சம்பளச் சீட்டு எழுதி அனுப்புனாக. நல்லா இருந்தா அடுத்த கெடு, இல்லேன்னா வீட்டோட இருன்னுடுவாக. ஆளைப் பாக்காம எட்டரை வருஷத்துக்கு எவன்டா எழுதுவான்?"

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வரி. நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பண்ண, போன காலத்துல பர்மா, மலேயா, சிலோன் கடைகளுக்கு முதலாளி ஏஜெண்டை அனுப்புவாரு. கெடு மூணு வருஷம். சம்பளம், கெடு எல்லாத்தையும் எழுதின ஒப்பந்தம்தான் சம்பளச் சீட்டு. கெடு முடிஞ்சு ஊருக்கு வந்து கணக்கு ஒப்படைக்கணும். கிட்டத்தட்ட இன்னைக்கு இருக்கிற ஆட்டக்காரர் கான்ட்ராக்ட் மாதிரியேதான். ரங்கூன்ல ஏஜெண்டுக்கு முட்டி காயம் ஆகாதுங்கறது மட்டும்தான் வித்தியாசம்.

அப்பச்சி கேட்ட கேள்விக்குப் பதில் கணக்கு நோட்டுல இருக்கு. ஆளை வாங்கின விலையைக் கிளப் ஒரே வருஷச் செலவா எழுதாது. ஒப்பந்தம் எத்தனை வருஷமோ அத்தனை பங்கா வகுத்து எழுதும். 106.8-ஐ எட்டரையால வகுத்தா வருஷத்துக்கு சுமார் 12.6 மில்லியன். அஞ்சு வருஷ ஒப்பந்தமா இருந்தா 21-க்கு மேல. ஒப்பந்தம் நீள நீள வருஷச் செலவு மெலிஞ்சுக்கிட்டே போகும். இதைப் பார்த்து பென்ஃபிகாவுக்கு எட்டரை வருஷம் இ.எம்.ஐ போகுதுன்னு நினைச்சுடாதீங்க. காசு கைமாறுறது வேற, கணக்குல எழுதுறது வேற. சம்பளமும் தனி.

ஏன் இந்த வித்தைன்னா, இங்கிலாந்தோட முதல்தரப் போட்டியான பிரீமியர் லீக்ல அப்ப இருந்த விதிப்படி மூணு வருஷத்துக்குச் சேர்த்து 105 மில்லியன் பவுண்டு வரைக்கும்தான் நஷ்டம் காட்டலாம். தாண்டினா புள்ளி வெட்டுவாங்க. (செல்சி பண்ணின கூத்தைப் பார்த்து, அதிகபட்சம் அஞ்சு வருஷமாத்தான் வகுக்கலாம்னு 2023-ல முதல்ல ஐரோப்பிய கால்பந்து சங்கமும் அப்புறம் பிரீமியர் லீக்கும் கதவைச் சாத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி எழுதின ஒப்பந்தங்களை அது தொடாது.)

இப்ப மவுண்ட். ஆறு வயசுல செல்சி அகாடமிக்கு, அதாவது கிளப்போட பயிற்சிப் பள்ளிக்கு, வந்த பையன். அவனை வாங்கறதுக்கு யாருக்கும் ஒரு பைசா கொடுக்கலை. அதனால வாங்கின விலைன்னு பேரேட்டுல அவன் பேருக்கு நேரா பூஜ்யம். வித்தா வர்ற 55-உம் லாபம். அதுவும் மொத்தமா, அதே வருஷத்துல. செலவு பக்கம் என்ஸோ 12.6, வரவு பக்கம் மவுண்ட் 55. வகுத்துப் பாருங்க, நாலே கால் தாண்டும்.

(திரையில்: கை தேக்குத் தூணைத் தடவுகிறது.)

இந்தத் தூணுக்கு நான் என்ன விலை கொடுத்தேன்? எதுவும் இல்ல. பர்மாவுல இருந்து கப்பல்ல வந்து, மூணு தலைமுறையா நிக்குது. நாளைக்கு இதை வித்துட்டு ஒரு சோஃபாவைத் தவணையில வாங்குறேன்னு வைங்க. இந்த வருஷக் கணக்குல தூண் வித்த காசு முழுக்க லாபம், சோஃபாவுக்கு ஒரு பங்குதான் செலவு. ஆடிட்டர் சிரிச்ச முகமாக் கையெழுத்துப் போடுவாரு. மேல கூரை எது மேல நிக்கும்னு அவரு கேக்க மாட்டாரு, அது அவரு வேலையும் இல்ல.

இதுதான் எனக்கு செல்சி மேல இருக்கிற கோவம். காசை வாரி இறைச்சதுகூட இல்ல. வீட்டுப் பிள்ளையை விக்கிறதுக்குக் கணக்கே ஆசை காட்டுது, இவங்களும் அந்த ஆசையில விழுந்து விழுந்து விக்கிறாங்க. மவுண்ட், மாட்சன், லூயிஸ் ஹால், கானர் கேலகர். வரிசையாப் போயிட்டாங்க.

தூணை வித்தா எங்க போகும்? முனீஸ்வரன் கோவில் தெரு. காரைக்குடிக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். பழைய நிலைக்கதவு, மரப் பெட்டி, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, யாரோட தாத்தான்னே தெரியாத போட்டோ, எல்லாம் தெருவோரம் அடுக்கி இருக்கும். அந்தக் கடைக்காரங்க கண்ணே தனி. நாம தூசி தட்டத் தயங்குற சாமானைப் பார்த்து, தட்டி, எடை பார்த்து, "பரணுக்கு இடம் மிச்சம்னு நினைச்சுக்குங்க"ன்னு சொல்லித் தூக்கிட்டுப் போவாங்க. அடுத்த மாசம் அது சென்னையில ஏதாவது ஹோட்டல் வரவேற்பறையில விளக்கு வெளிச்சத்துல நிக்கும். விலை கேட்டா நமக்கு நெஞ்சு அடைக்கும்.

இங்கிலாந்துல அந்தத் தெருவுக்குப் பேரு பிரைட்டன்!

நிஜமாத்தான் சொல்றேன். பிரைட்டன் கிளப்போட முதலாளி டோனி ப்ளூம், போக்கர் ஆடினவரு, புள்ளிவிவரத்தை வெச்சுப் பந்தயம் கட்டிப் பணம் சேர்த்தவரு. அதே கண்ணோட உலகம் பூரா ஆள் தேடுறாரு. 2021-ல ஈக்வடார்ல இருந்து மொய்சஸ் கைசெடோன்னு ஒரு பையனை சுமார் நாலரை மில்லியனுக்குத் தூக்கிட்டு வந்தாங்க. 2023 ஆகஸ்ட்ல அதே பையனை செல்சி வாங்குது. எவ்வளவுக்கு? 100 மில்லியன், மேல போனஸ் 15. நம்ம கணக்குல 45 கோடிச் சாமான் ரெண்டரை வருஷத்துல 1,150 கோடி. லிவர்பூல் கொடுத்த 111 மில்லியனுக்குக் கடைக்காரர் சரின்னு தலையாட்டின பிறகும், நான் செல்சிக்குத்தான் போவேன்னு பையன் அடம் பிடிச்சான். பேரம் பேசத் தெரியாத வாடிக்கையாளருக்கு இதைவிட நல்ல நாள் வராது.

பிரைட்டன்கிட்ட வாங்கினது இது ஒரு தடவைன்னா பரவாயில்ல. 2022-ல குக்குரெயா. கோல்கீப்பர் ராபர்ட் சான்செஸ். 2025-ல ஜோவா பெட்ரோ. நடுவுல கோச் கிரஹாம் பாட்டரையும் விடலை. அதாவது கடையில சாமான் வாங்கினது போதாம, கல்லாவுல உக்காந்திருந்தவரையும் சேர்த்துக் கூட்டிட்டு வந்தாச்சு! அவரும் ஒரு சீசன் முழுசா தாக்குப்பிடிக்கலை. அந்த 2022-23-ல நாங்க 44 புள்ளியோட 12-வது இடம். அந்த சீசனைப் பத்தி என்கிட்ட யாரும் பேசக் கூடாது.

ஆனா நியாயத்தையும் சொல்லணும். கைசெடோ வந்த முதல் மேட்ச், வெஸ்ட் ஹாமோட, மாற்று ஆளா இறங்கி ஒரு பெனால்டியைக் கொடுத்துட்டு நின்னான். 1,150 கோடிக்கு இதுவான்னு நானும்தான் வாட்ஸ்அப் குரூப்புல கிழிச்சேன். இன்னைக்கு அவன் இல்லாம நடுக்களமே கிடையாது. ஒருத்தன் கால்ல பந்து போகப்போகுதுன்னு அவனுக்கு முன்கூட்டியே தெரியுது, அது எப்படின்னுதான் எனக்குத் தெரியலை. அந்த வாட்ஸ்அப் மெசேஜை அழிச்சுட்டேன், தேடாதீங்க. குக்குரெயாவை எங்க ஆளுங்களே கேலி பண்ணினாங்க. 2024 யூரோ கோப்பை இறுதிப் போட்டியில இங்கிலாந்துக்கு எதிரா ஸ்பெயினோட ஒயர்சபால் போட்ட வெற்றி கோலுக்குப் பந்து கொடுத்தது யாரு? அந்தத் தலைமுடிக்காரன் குக்குரெயாதான். என்ஸோவும் முதல் ஒண்ணரை வருஷம் இழுத்துக்கிட்டுத்தான் இருந்தான், ஹெர்னியா ஆபரேஷன் முடிஞ்ச பிறகுதான் வாங்கின ஆளைப் பார்க்க முடிஞ்சது.

மிகைலோ முத்ரிக்? ஆர்சனல் கிளப் வாசல்ல நின்னவனை எட்டரை வருஷம் எழுதி இழுத்துட்டு வந்தாங்க. ஓட்டம் மின்னல், ஆனா பந்து கூடவே வரணுமே. 2024 டிசம்பர்ல ஊக்கமருந்துப் பரிசோதனை விவகாரம் வந்து தற்காலிகத் தடை விழுந்தது. தெரிஞ்சு எதுவும் எடுக்கலைங்கறது அவர் தரப்பு. அதைப் பத்தித் தீர்ப்புச் சொல்ல நான் யாரு.

(திரையில்: இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு குளிரில் நடுங்குவது போன்ற சைகை.)

இப்ப கோல் பால்மர். கானாடுகாத்தான் வெயில்ல நின்னுக்கிட்டு, கோல் போட்டா அவன் பண்ற இந்தக் குளிர் சைகையைப் பண்ணின என்னைப் பார்த்து ஒரு ஆச்சி, "தம்பிக்குக் காய்ச்சலா?"ன்னு கேட்டாக. அது தனிக் கதை.

2023 செப்டம்பர் 1, ஆள் வாங்குறதுக்கான கெடு முடியுற நாள், 40 மில்லியன், மேல இரண்டரை. முதல் லீக் சீசன்லயே 22 கோல், 11 அசிஸ்ட். 2024 செப்டம்பர்ல ஒரே மேட்ச்ல முதல் பாதிக்குள்ள நாலு கோல். பிரீமியர் லீக் வரலாற்றுல அதுக்கு முன்னாடி யாரும் பண்ணினது கிடையாது. யாருக்கு எதிரா? பிரைட்டன்! முனீஸ்வரன் கோவில் தெருக் கடைக்காரர்கிட்ட ஒரே நாள்ல தள்ளுபடி வாங்கினது சரித்திரத்துல அந்த ஒரு தடவைதான்.

நடுவுல வறட்சியும் வந்தது. 2025 ஜனவரி நடுவுல இருந்து மே வரைக்கும் லீக்ல ஒரு கோல்கூட இல்ல. விக்கலாம்னு சொன்ன புண்ணியவான்களும் இருந்தாங்க. ஜூலை 13, கிளப் உலகக் கோப்பை இறுதிப் போட்டி, எதிரே ஐரோப்பிய சாம்பியன் பாரிஸ். முதல் பாதியிலயே பால்மர் ரெண்டு கோல், ஜோவா பெட்ரோவுக்கு ஒண்ணு எடுத்துக் கொடுத்தான். 3-0. எதிரே கோப்பை இருந்தாத்தான் பசி எடுக்கும், அந்த மாதிரி ஆள்.

ஆனா இங்கதான் எனக்குத் தூக்கம் போச்சு. பால்மர் எந்த வீட்டுப் பிள்ளை? மான்செஸ்டர் சிட்டி அகாடமி. சின்ன வயசுல இருந்து அங்கயே வளர்ந்தவன். சிட்டி பேரேட்டுல அவன் பேருக்கு நேரா இருந்ததும் பூஜ்யம்தான். அவங்களும் தூணைத்தான் வித்திருக்காங்க. இத்தனை கோடி கொட்டி நாங்க வாங்கினதுலயே உருப்படியான சாமான், இன்னொருத்தன் வீட்டு வளவுல நின்ன தூண்!

எங்க தூண் ஒண்ணு போன கதையையும் கேளுங்க. கானர் கேலகர். 2023-24-ல கேப்டன் ரீஸ் ஜேம்ஸ் காயத்துல கிடந்தப்ப பெரும்பாலான மேட்ச்ல கேப்டன் பட்டையைக் கட்டிக்கிட்டு ஓடினவன். 2024 ஆகஸ்ட்ல ஸ்பெயின் கிளப் அட்லெடிகோவுக்கு விக்க முடிவு பண்ணி மாட்ரிட் அனுப்பினாங்க. அங்க டாக்டர் பரிசோதனைகூட ஆச்சு. அங்க இருந்து வர வேண்டிய வேற ஆளோட பேரம் முறிஞ்சதும், பையன் பெட்டியோட திரும்பி லண்டன் வர வேண்டியதாப் போச்சு. கல்யாண வீட்டு வாசல் வரைக்கும் போன மாப்பிள்ளையை, சீர் சாமான் வரலை, வீட்டுக்குப் போயிட்டு வாங்கன்னு அனுப்பின மாதிரி. அப்புறம் அதுக்குப் பதிலா ஜோவா ஃபெலிக்ஸை வாங்கறதுன்னு பேசித்தான் கேலகரை அனுப்பினாங்க. ஃபெலிக்ஸ் யாரு? 2023-ல லோன்ல வந்து முதல் மேட்ச்லயே சிவப்பு அட்டை வாங்கின அதே ஃபெலிக்ஸ். இந்தத் தடவை ஒரு சீசன்கூட முழுசா இல்ல, பிப்ரவரியில மிலானுக்கு லோன், ஜூலையில சவுதிக்கு விற்பனை. தூணும் போச்சு, சோஃபாவும் போச்சு.

மவுண்டை வித்ததைக்கூட நான் மன்னிப்பேன். யுனைடெட்ல முதல் ரெண்டு சீசன் காயத்தோடயே அவன் காலம் போச்சு, பந்துக் கணக்குல அது சரியான விற்பனைதான். கேலகரை வித்தது பேனாக் கணக்கு மட்டும்தான்.

ஹோட்டல் கதையும் ஒண்ணு உண்டு. கிளப்போட ரெண்டு ஹோட்டலைத் தங்களோட இன்னொரு கம்பெனிக்கே 76.5 மில்லியனுக்கு வித்து வரவு எழுதினாங்க. இந்தச் சட்டைப்பையில இருந்து அந்தச் சட்டைப்பைக்கு. பிரீமியர் லீக் தலையாட்டிடுச்சு. ஐரோப்பிய சங்கம் அந்த மாதிரி வரவை ஏத்துக்கலை. 2025-ல நிதி விதிகளை மீறினதுக்கு மொத்தமா 31 மில்லியன் யூரோ அபராதம்.

சரி, எந்தத் தூண் மிச்சம்? அந்த ஜூலை ராத்திரி கிளப் உலகக் கோப்பை மேடையில கோப்பையைத் தூக்கினது ரீஸ் ஜேம்ஸ், அகாடமிப் பையன். பக்கத்துல டிரம்ப் இறங்காம நின்னுக்கிட்டு இருக்க, இவரு ஏன் இன்னும் இங்க நிக்கிறாருன்னு பால்மர் முழிச்ச முழி இருக்கே, அதை நூறு தடவை பார்த்திருப்பேன். இன்னொரு தூண் லீவை கோல்வில். அடுத்த மாசமே முட்டித் தசைநார் அறுந்து படுத்தான். ஜேம்ஸுக்குத் தொடைத் தசை எப்ப இழுக்கும்னு அவனுக்கே தெரியாது.

ரெண்டு பேர் பேருக்கு நேராவும் பேரேட்டுல பூஜ்யம். அடுத்தது யாருன்னு நீங்க கமெண்ட்ல சொல்லுங்க. அப்பச்சிகிட்ட நான் கேட்டுட்டேன். இந்தத் தூணைத் தட்டிப் பார்த்துச் சொன்னாக:

"இதையும் ஒருத்தன் விலைக்குக் கேட்டு வந்தான். அடியில விரிசல் இருக்குன்னு விட்டுட்டுப் போயிட்டான்."

(திரையில்: தூணின் அடியில் மெல்லிய விரிசல்.)