பங்கு என்றால் எந்தப் பங்கு?

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு முல்லைத்தீவுக் கடற்கரையில் நிற்கிறேன். காற்றுச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கமராவை அந்தப் பக்கம் திருப்புகிறேன், பாருங்கள். கரைவலை இழுக்கிறார்கள். இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள். மீன் சேரும் மடி கரைக்கு வர இன்னும் அரை மணித்தியாலமாவது ஆகும்.

மீனை விற்றதும் என்ன நடக்கும் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதலில் செலவைக் கழிப்பார்கள். வலைக்கும் தோணிக்கும் உரியது சம்மாட்டிக்குப் போகும். மிச்சம் இழுத்தவர்களுக்குப் பங்காகப் பிரியும். மீன் பட்டால் எல்லோர் கையிலும் காசு, படாவிட்டால் எல்லோருக்கும் வெறுங்கை. வயலிலும் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விதைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே பங்கு என்ற சொல்லை யாரும் வன்னிக்கு வந்து கற்றுத்தரத் தேவையில்லை.

ஆனால் அந்தச் சொல் நன்றாகப் பழகியதால்தான் நான் ஏமாந்தேன். கயிறு இழுக்கிறவருக்கு மீனில் பங்கு உண்டு. வலையில் பங்கு இல்லை. நாளைக்குச் சம்மாட்டி வலையையும் தோணியையும் விற்றால், பத்து வருடம் இழுத்தவருக்கும் அந்தக் காசில் ஒரு சதம் வராது. மீனில் பங்கு வேறு, வலையில் பங்கு வேறு. வேலை செய்யும் இடத்தில் 'உங்களுக்கும் பங்கு தருகிறோம்' என்று சொன்னால், எதைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

நான் வேலை செய்த இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா எல்லாம் பொதி செய்து கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பும் இடம். ஐந்து வருடம் பொதியிடும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தேன். மூன்றாவது வருடம் தைப்பொங்கல் அன்று முதலாளி எங்களைக் கூப்பிட்டு, 'இனி நீங்கள் வேலைக்காரர் இல்லை, பங்காளிகள்' என்றார். எனக்கும் இன்னும் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கடிதம் தந்தார். கடிதத்தில் 2 வீதப் பங்கு என்று இருந்தது, கீழே கையொப்பமும் முத்திரையும். அதை நான் லமினேட் செய்து சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு சம்பளம் கூட்டிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் இடம்தானே என்ற நினைப்பு.

வேலையை விட்டபோது அந்தக் கடிதத்தைக் கிளிநொச்சியில் ஒரு கணக்காளர் ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் வசனங்களை வாசிக்கவே இல்லை. கடிதத்தின் தலைப்பைத்தான் பார்த்தார். 'பிள்ளை, இதிலே பீவீ இலக்கம் இல்லையே' என்றார். எனக்கு விளங்கவில்லை. 'தனியார் கம்பனியாகப் பதிந்திருந்தால் பீவீ என்று தொடங்கும் இலக்கம் இருக்கும். பெயருக்குப் பின்னால் பிரைவேட் லிமிட்டெட் என்று இருக்கும். இது பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் மட்டும் பதிந்த தனி வியாபாரம். இதற்குப் பங்கு என்று ஒன்றே கிடையாது. இல்லாத ஒன்றில் 2 வீதம் எவ்வளவு, சொல்லுங்கள் பார்ப்போம்?'

அன்றைக்கு அந்தப் படியால் இறங்கி வந்தது எனக்கு இன்றைக்கும் ஞாபகம். முதலாளி வேண்டுமென்று ஏமாற்றினாரா, அவருக்கும் தெரியாமல்தான் எழுதினாரா என்று தெரியாது. என் கையில் இருந்தது வெறும் தாள், அதுதான் உண்மை.

அதற்குப் பிறகு கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். சரி, பங்கு எங்கே இருக்கிறது? கடிதத்தில் இல்லை. கம்பனியின் பங்குதாரர் பதிவேட்டில் இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒவ்வொரு கம்பனியும் அந்தப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். பணிப்பாளர் சபை தீர்மானித்து, பங்கை வழங்கி, கம்பனிப் பதிவாளருக்கு அறிவித்து, உங்கள் பெயரை எத்தனை பங்கு என்ற எண்ணிக்கையோடு பதிவேட்டில் எழுத வேண்டும். வீதம் போதாது, எண்ணிக்கை வேண்டும். 'தனியார் கம்பனியில் 50 பேருக்கு மேல் பங்குதாரர் இருக்க முடியாது, ஆகவே தரமுடியாது' என்று சிலர் சொல்வார்கள். வேலை செய்துகொண்டு பங்கு வாங்கிய ஊழியர்கள் அந்த 50 இல் சேர்வதில்லை.

யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் மென்பொருள் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு இது வேறு மாதிரி வரும். ஒப்ஷன் என்பார்கள். இன்றைய விலையில் பின்னர் பங்கு வாங்கும் உரிமை அது, இன்னும் பங்கு இல்லை. அதுவும் ஒரேயடியாகக் கைக்கு வராது, வேலை செய்யச் செய்ய உரித்தாகும். ஒரு கணக்குப் பாருங்கள். 960 பங்கு, நான்கு வருடம், முதல் வருடம் முடியாமல் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறது. பதினொன்றாம் மாதம் விலகினால் பூச்சியம். வருடம் முடிந்த அன்று 240. அதன்பிறகு மாதம் 20 பங்காக 36 மாதத்தில் மிச்சம் 720. பிள்ளைப்பேறு விடுமுறையில் அந்த மாதக் கணக்கு ஓடுமா, நிற்குமா என்று பெண்பிள்ளைகள் கட்டாயம் கேளுங்கள். இதைக் கேட்க வெட்கப்படவே வேண்டாம்.

கம்பனியின் மொத்தப் பங்கு 100,000 என்றால் உங்கள் 960 என்பது 0.96 வீதம். நாளைக்கு ஒருவர் முதலீடு செய்ய, புதிதாக 20,000 பங்கு அவருக்கு வழங்கினால் உங்களுடையது 0.8 வீதம் ஆகிவிடும். அதில் களவு ஒன்றுமில்லை. கம்பனி வளர்ந்தால் சின்ன வீதமும் பெரிய காசுதான். ஆனால் அப்படி நடக்கும் என்பது முதலே தெரிந்திருக்க வேண்டும். வரியும் உண்டு. நம் நாட்டின் 2017 ஆம் ஆண்டு உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, பங்கு உங்கள் பெயருக்கு வழங்கப்படும் நாளில் அதன் சந்தைப் பெறுமதியில் நீங்கள் கட்டிய காசைக் கழித்த மிச்சம் சம்பள வருமானமாகக் கணக்கெடுக்கப்படும். கையில் காசு வராமலே வரிக் கணக்கு வரலாம்.

விற்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. சென்னையில் வளர்ந்த பிரெஷ்வேர்க்ஸ் கம்பனி 2021 செப்டெம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்குப் போனபோது, 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீசுவரர் ஆனார்கள். அதைக் கேட்டு நம் பிள்ளைகள் கனவு காண்பது நல்லதுதான். ஆனால் அங்கே வாங்க ஒரு சந்தை இருந்தது. பரந்தனில் இருக்கும் ஒரு சின்னக் கம்பனியின் பங்கை யார் வாங்குவார்கள்? ஆகவே நீங்கள் விலகும்போது கம்பனியோ மற்றப் பங்குதாரர்களோ வாங்குவார்களா, என்ன விலை, அந்த விலையை யார் கணிப்பது என்று முதல் நாளே எழுத வேண்டும். இதற்கெல்லாம் முன்னர், உங்கள் சம்பளத்துக்கு முதலாளி கட்டவேண்டிய ஊழியர் சேமலாப நிதி (EPF) 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி (ETF) 3 வீதமும் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். அதைக் கட்டாதவர் தரும் பங்கை நான் நம்பமாட்டேன்.

இப்போது இடம் மாறிவிட்டேன் உறவுகளே. பரந்தன் வீதியில் விசுவமடுப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் நிற்கிறேன். பெயரும் முகமும் காட்ட வேண்டாம் என்று ஆலை உரிமையாளர் ஐயா கேட்டுக்கொண்டார், ஆகவே நெல்லைத்தான் காட்டுவேன். அவித்த நெல்லைச் சீமெந்துத் தளத்தில் பரப்பியிருக்கிறார்கள். அந்த அண்ணையின் கையைப் பாருங்கள். ஒரு மணியை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிக்கிறார். 'டக்' என்று உடைய வேண்டுமாம். நசிந்தால் இன்னும் ஈரம். கூடக் காய்ந்தால் குற்றும்போது குறுணல் விழும். 'இன்னும் ஒரு மணித்தியாலம்' என்கிறார். இருபது வருடமாக இதே வேலை.

ஐயாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். வந்து பார்ப்பார்கள், ஆலை நடத்த வரமாட்டார்கள். வன்னியில் இப்படி எத்தனை கடை, எத்தனை ஆலை! கடைசியில் வெளியாள் ஒருவர் காணிக்காக வாங்குவார், இயந்திரம் இரும்புக்குப் போகும், ஏழு குடும்பத்தின் வேலையும் போகும். எனக்கு இது வயிற்றெரிச்சல்.

இதே சிக்கல் 1956 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு பத்திரிகைக் கம்பனிக்கு வந்தது. வயதான உரிமையாளர்கள் விலக வேண்டும். லூயிஸ் கெல்சோ என்ற சட்டத்தரணி ஒரு வழி கண்டார். ஊழியர்கள் சார்பில் பங்கை வைத்திருக்கும் ஒரு ட்ரஸ்ட் கடன் வாங்கிப் பங்குகளை வாங்கும், கடனைக் கம்பனியின் இலாபம் அடைக்கும். ஊழியர் தாலியை அடகு வைக்கத் தேவையில்லை. அதே 1956 இல் ஸ்பெயினின் மொன்ட்ராகொன் ஊரில், உள்நாட்டுப் போரால் நொந்த மக்கள் நடுவே, ஒரு பாதிரியார் தொடங்கிய தொழிற்பள்ளியில் படித்த ஐந்து இளைஞர் அடுப்புச் செய்யத் தொடங்கினார்கள். தொழிலாளரே உரிமையாளர், ஆளுக்கு ஒரு வாக்கு. இன்றைக்கு அது பல்லாயிரம் பேர் வேலை செய்யும் கூட்டுறவுக் குழுமம். போர் முடிந்த ஊர் என்பதால் அந்தக் கதை என்னை விடமாட்டேன் என்கிறது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1990களில் மலையகத் தோட்டக் கம்பனிகள் தனியாருக்குப் போனபோது 10 வீதப் பங்கு தொழிலாளருக்கு இலவசமாகப் போனது. அதே காலத்தில் அரச பஸ் சேவையைக் கம்பனிகளாகப் பிரித்து, பாதிப் பங்கை ஊழியருக்குக் கொடுத்தார்கள். அந்த பஸ் கம்பனிகள் நிலைக்கவில்லை. 2005 இல் மறுபடியும் போக்குவரத்துச் சபை. கட்டணத்தை அரசு தீர்மானிக்கும்போது பங்கு மட்டும் கையில் இருந்து என்ன பயன்?

ஐயாவோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். உண்மைக் கணக்கைச் சொல்ல முடியாது, மாதிரிக்குச் சொல்கிறேன். ஆலையின் பெறுமதி ஒரு கோடியே இருபது இலட்சம், வருட இலாபம் இருபத்து நான்கு இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். இலாபத்தில் பாதியை ஐயாவுக்குக் கட்டினால், வட்டி இல்லாமல் பத்து வருடத்தில் ஆலை இங்கே வேலை செய்யும் ஏழு பேருக்கும் சொந்தம். வெள்ளம் வந்த வருடம் தவணை நிற்கும் என்றும் எழுத வேண்டும். முதலில் ஆலையைக் கம்பனியாகப் பதிய வேண்டும். என் கதையைச் சொன்னதும் ஐயா உடனே சரி என்றார். காணி கம்பனிக்கா, ஐயாவின் பெயரிலேயே இருந்து குத்தகைக்கா என்பது இன்னும் முடிவாகவில்லை. பிள்ளைகளோடு பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

நெல் கடித்த அண்ணை இவ்வளவு நேரமும் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார். 'தங்கச்சி, நட்டம் வந்தால் அதிலும் பங்கோ?'

ஓம் அண்ணை, என்றேன். பங்கின் பெறுமதி போகலாம். ஆனால் வரையறுக்கப்பட்ட கம்பனி என்றால் உங்கள் வீடு வளவுக்கு யாரும் வர முடியாது, வங்கிக் கடனுக்கு நீங்களாகப் பிணைக் கையொப்பம் போட்டால் ஒழிய. அவர் தலையை ஆட்டிவிட்டு, பலகையை எடுத்துக்கொண்டு நெல்லைக் கிளறப் போய்விட்டார். அடுத்த கிழமை கணக்காளர் ஐயாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.