காலம் கடந்து வந்தாலும் அது மரியாதைதான்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

காலம் கடந்து வரும் வீரப்பதக்கம் மரியாதையா, சடங்கா என்பது இன்றைய தலைப்பு. மரியாதையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் போரிட்ட சார்ஜண்ட் வில்லியம் கார்னியைக் கொண்டுவந்து நிறுத்தினார். "1863இல் காட்டிய வீரத்துக்கு 1900இல் மெடல் ஆஃப் ஆனர் பதக்கம். 37 ஆண்டு கழித்துக் கொடுத்தால் அது சடங்கு இல்லாமல் வேறு என்ன?" என்று கேட்டார். அவை கைதட்டியது. நான் வேறொரு வீரனைத் தேடிப் போகப் போவதில்லை நடுவர் அவர்களே. அதே கார்னியை வைத்தே பதில் சொல்கிறேன். நண்பர் அவர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். முழுவதும் சொன்னால் அது எங்கள் பக்கம்தான் வரும்.

கார்னி 1840இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் அடிமையாகப் பிறந்தவர். அந்த நாட்டுச் சட்டத்தில் அடிமை என்பவன் ஆள் அல்ல, உடைமை. விற்கலாம், வாங்கலாம், கடனுக்கு ஈடாக வைக்கலாம். எழுத்துச் சொல்லிக் கொடுப்பதுகூட அங்கே குற்றம். கார்னி ரகசியமாகத்தான் படித்தார். பிறகு குடும்பம் மாசசூசெட்ஸில் நியூ பெட்ஃபோர்டு என்ற துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தது. அவருக்குப் பாதிரியார் ஆக வேண்டும் என்று ஆசை. அடிமைமுறையைக் காக்கத் தென் மாநிலங்கள் பிரிந்துபோய், வட மாநிலங்களோடு போர் வந்ததும் அதை விட்டார். ஒடுக்கப்பட்ட என் சகோதரர்களுக்காகப் போரிடுவதுதான் கடவுளுக்கு நான் செய்யக்கூடிய நல்ல ஊழியம் என்ற பொருளில் 1863இல் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்.

அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி தென் மாநில அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்த அதிபர் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கலாம் என்று அதிலேயே சொல்லப்பட்டிருந்தது. மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ உடனே 54வது காலாட்படைப் பிரிவை உருவாக்கினார். சிப்பாய்கள் கறுப்பினத்தவர், அதிகாரிகள் வெள்ளையர். கார்னி 23 வயதில் அதில் சேர்ந்தார். சேர்ந்தவர்கள் எதற்குத் துணிந்தார்கள் என்பதை அவை கவனிக்க வேண்டும். தென் மாநிலங்கள் முன்கூட்டியே அறிவித்திருந்தன: கறுப்பினச் சிப்பாய் பிடிபட்டால் அவனைப் போர்க்கைதியாக நடத்த மாட்டோம், அடிமைக் கலகக்காரனாக நடத்துவோம். மற்றச் சிப்பாய் பிடிபட்டால் சிறை. இவர்கள் பிடிபட்டால் மறுபடியும் அடிமைச் சந்தை, இல்லையென்றால் சாவு.

1863 ஜூலை 18. தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயிலில் மோரிஸ் தீவு. அங்கே தென்படையின் வாக்னர் கோட்டை. கல் கோட்டை இல்லை, மணலை மலைபோல் குவித்துக் கட்டிய அரண். போகும் வழி ஒரு குறுகிய மணல் திட்டு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சதுப்பு நிலம். பகல் முழுவதும் பீரங்கிகள் அந்தக் கோட்டையின் மேல் குண்டு பொழிந்தன. உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் செத்திருப்பார்கள் என்று வடபடைத் தளபதிகள் நினைத்தார்கள். மணல் குண்டுகளை விழுங்கிவிட்டது. காவல்படை கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. இருட்டும் நேரத்தில் சுமார் 600 பேர் கொண்ட 54வது பிரிவு எல்லோருக்கும் முன்னால் ஏவப்பட்டது. படைத்தலைவர் ராபர்ட் கோல்ட் ஷா, 25 வயது இளைஞர், மதில் மேல் ஏறி நின்ற இடத்திலேயே சுடப்பட்டு இறந்தார்.

கொடி ஏந்தியவர் விழுந்தார். அந்தக் காலப் போரில் கொடி வெறும் துணி இல்லை. புகையிலும் இரைச்சலிலும் சிப்பாய் கொடியைப் பார்த்துத்தான் எங்கே போக வேண்டும், எங்கே திரள வேண்டும் என்று தெரிந்துகொள்வான். எதிரியும் முதலில் கொடிக்காரனைத்தான் குறி வைப்பான். கார்னி துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கொடியை எடுத்தார். அகழியைக் கடந்து, மதிலின் சரிவில் ஏறி, அங்கே கொடியை ஊன்றிப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார். சுற்றிலும் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். படை பின்வாங்கியபோது கொடியைச் சுருட்டிக்கொண்டு, குண்டடி பட்ட உடம்போடு திரும்பினார். வழியில் வேறு படைப்பிரிவைச் சேர்ந்த ஒருவர் "கொடியை நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று கேட்டாராம். 54வது பிரிவைச் சேர்ந்தவரைத் தவிர யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று கார்னி மறுத்துவிட்டார். தன் ஆட்களைப் பார்த்ததும் சொன்ன வார்த்தை இன்றுவரை பேசப்படுகிறது: "தம்பிகளா, கொடி தரையைத் தொடவே இல்லை!"

அன்று இரவு 54வது பிரிவில் 270 பேருக்கு மேல் மாண்டவர்கள், காயப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள். கோட்டை விழவில்லை. செப்டம்பரில் தென்படை தானாகவே அதைக் காலி செய்தது. ஆனாலும் கறுப்பினத்தவன் சண்டை போடுவானா என்று கேட்டுக்கொண்டிருந்த நாட்டுக்கு அன்று பதில் கிடைத்துவிட்டது. போர் முடியும்போது வடபடையில் சேர்ந்திருந்த கறுப்பினச் சிப்பாய்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல்.

சரி, இப்போது எதிரணியின் கேள்விக்கு வருகிறேன். "மக்கள் அவரை மறக்கவில்லை. அப்புறம் அரசாங்கத்தின் பதக்கம் எதற்கு?" என்றார் நண்பர். அருமையான கேள்வி. இதற்கு நான் பதில் சொல்வதைவிட அந்த 54வது பிரிவே சொன்ன பதிலைக் கேளுங்கள்.

படையில் சேரும்போது மற்றவர்களுக்குச் சமமான சம்பளம் என்றுதான் அவர்களிடம் சொன்னார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். சம்பள நாள் வந்தபோது கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர்தான், அதிலும் துணிக்காக 3 டாலர் பிடித்தம், கையில் 7 டாலர் என்றார்கள். 54வது பிரிவு அந்தப் பணத்தைத் தொடவில்லை. வீட்டில் மனைவி மக்கள் பசியில் கடிதம் எழுதுகிறார்கள், இவர்கள் வாங்கவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் முன்வந்தது. "குறைகிற தொகையை நாங்கள் போட்டுத் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சட்டமே போட்டது. பணம் முழுசாகக் கிடைத்திருக்கும் நடுவர் அவர்களே, ஒரு டாலர்கூடக் குறைந்திருக்காது. அதையும் வேண்டாம் என்று திருப்பினார்கள்!

ஏன்? அன்போடு கொடுக்கிறவர்கள் கொடுத்தது அவர்களுக்குப் போதவில்லை. எந்த அரசு அவர்களைக் குறைத்து மதிப்பிட்டதோ அந்த அரசே தன் கையால், தன் கணக்கேட்டில், "நீயும் சிப்பாய்தான்" என்று எழுத வேண்டும் என்று நின்றார்கள். 1864 ஜூனில் நாடாளுமன்றம் சமச் சம்பளச் சட்டம் நிறைவேற்றிய பிறகுதான் பணம் வாங்கினார்கள். தாமதம்தான். அந்தத் தாமதமான சம்பளத்தைச் சடங்கு என்று அவர்கள் சொன்னார்களா? வாங்கிய நாளில் முகாமே கொண்டாடியது.

பதக்கத்துக்கும் இதே நியாயம்தான். ஊரில் ஒருவர் மூன்று தலைமுறையாக ஒரு நிலத்தை உழுகிறார். அது அவருடையது என்று ஊருக்கே தெரியும். அதற்காகப் பட்டா வேண்டாம் என்று யாராவது சொல்வோமா? முப்பது வருடம் அலைந்த பிறகு பட்டா வந்தால் அதைச் சடங்கு என்று கிழித்துப் போடுவோமா? ஊரின் வாய்ச்சொல் ஊரார் இருக்கும்வரை. பேரன் காலத்தில் வழக்கு வந்தால் பேசப்போவது அந்தக் காகிதம்.

மக்கள் நினைவு என்று எதிரணி மிகவும் உருகிச் சொன்னது. ஷாவுக்கும் 54வது பிரிவுக்கும் பாஸ்டனில் 1897 மே 31 அன்று திறக்கப்பட்ட வெண்கல நினைவுச் சின்னத்தைச் சான்றாகக் காட்டினார்கள். அகஸ்டஸ் செயின்ட் கோடன்ஸ் என்ற சிற்பி பல ஆண்டுகள் உழைத்துச் செய்த அற்புதமான வேலை, மறுக்கவில்லை. திறப்பு விழாவில் கார்னியே கொடியோடு வந்தார். கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டன் மேடையில் அவரைப் பார்த்துப் பேச, அரங்கம் எழுந்து ஆரவாரித்தது. அதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சின்னத்தில் யார் பெயர் பொறிக்கப்பட்டது தெரியுமா? மாண்ட வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள். வாக்னர் கோட்டையில் உயிரைக் கொடுத்த கறுப்பினச் சிப்பாய்களின் பெயர்கள் 1982இல்தான் அதில் சேர்க்கப்பட்டன. 85 ஆண்டுகள்! நன்கொடை திரட்டி, நல்ல மனத்தோடு, மக்கள் எழுப்பிய நினைவிலேயே பெயர் விட்டுப்போனது. பதக்கப் பதிவேட்டில் அப்படி இல்லை. சார்ஜண்ட் வில்லியம் எச். கார்னி, சி கம்பெனி, 54வது மாசசூசெட்ஸ் என்று பெயர், படை, இடம், நாள் எல்லாம் இருக்கிறது. கொடிக்காரர் சுடப்பட்டபோது இவர் கொடியைப் பற்றினார், மதிலுக்கு வழிநடத்தி அங்கே ஊன்றினார், பின்வாங்கியபோது கடுமையான சூட்டின் நடுவே கொண்டுவந்தார், இரண்டு முறை பலத்த காயம் பட்டார் என்று இருக்கிறது. விழுப்புண்ணுக்கு அரசே கையெழுத்துப் போட்டிருக்கிறது.

இது எந்தக் காலத்தில் நடந்தது என்பதையும் பாருங்கள். 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கறுப்பினத்தவருக்குத் தனி ரயில் பெட்டி என்பது சட்டப்படி சரி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. தென் மாநிலங்களில் வாக்குரிமையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் போர் அடிமைத்தனத்துக்காக நடந்ததே இல்லை என்று கதை கட்டிக்கொண்டிருந்தார்கள். "அப்படிப்பட்ட அரசு கொடுத்த பதக்கத்துக்கு என்ன மதிப்பு?" என்று எதிரணி கேட்கிறது. நான் திருப்பிக் கேட்கிறேன். மறதியை வேண்டுமென்றே வளர்த்த ஒரு காலத்தில், அந்த அரசின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் ஒரு முன்னாள் அடிமையின் பெயரில் எழுதப்பட்டது சாதாரண விஷயமா? அடிமையாகப் பிறந்து அடிமை ஒழிப்புத் தலைவரான பிரெடெரிக் டக்ளஸ் அந்த 1863லேயே சொன்னார்: கறுப்பினத்தவன் உடம்பில் அரசின் முத்திரை எழுத்தும், பொத்தானில் கழுகும், தோளில் துப்பாக்கியும் ஏறிவிட்டால், அவன் குடியுரிமைக்குத் தகுதியானவன் என்பதை எந்தச் சக்தியாலும் மறுக்க முடியாது என்று. அவருடைய இரண்டு மகன்கள் 54வது பிரிவில் சேர்ந்தார்கள். அரசின் சின்னம் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

37 ஆண்டு தாமதம் தவறுதான், அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் தாமதம் ஒன்றே பதக்கத்தைப் பொய்யாக்கிவிடும் என்றால், அதே 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டையில் வீரம் காட்டிய வெள்ளை அதிகாரி ஜோசுவா சேம்பர்லைனுக்கு 1893இல்தான் வந்தது. அவர் ஆளுநராகவே இருந்தவர். அதைச் சடங்கு என்று யாரும் சொல்லவில்லை. கார்னிக்கு வந்ததை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

பதக்கத்தால் அவர் வாழ்க்கை மாறியதா என்றும் கேட்டார்கள். கார்னி 30 ஆண்டுகளுக்கு மேல் நியூ பெட்ஃபோர்டில் தபால்காரராக வேலை பார்த்தார். பிறகு பாஸ்டனில் மாநில அரசு மாளிகையில் கடிதம் கொண்டுபோகும் ஊழியர். 1908இல் அங்கே லிஃப்டில் ஏற்பட்ட விபத்தில் கால் நசுங்கி இறந்தார். கேட்கும்போது மனசு வலிக்கிறது. இன்னும் பெரிய இடத்தில் அவரை வைத்திருக்க வேண்டும். அந்தக் குறை அந்த நாட்டின் மேல். அதைப் பதக்கத்தின் மேல் ஏற்றாதீர்கள். அவருடைய கல்லறைக் கல்லில் அந்தப் பதக்கத்தின் வடிவத்தைத்தான் செதுக்கியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. "பதக்கத்தைக் கண்டபடி அள்ளிக் கொடுத்தார்கள்" என்று எதிரணி சொன்னது. உண்மை. மேய்ன் மாநிலத்தின் 27வது பிரிவில், அந்தப் போரின்போது தலைநகரைக் காக்கச் சில நாள் கூடுதலாகத் தங்க ஒப்புக்கொண்டதற்காகத் தருவதாகச் சொல்லி, கடைசியில் குழப்பத்தில் 864 பேருக்குக் கொடுத்தார்கள். அதனால் 1917இல் ராணுவமே உட்கார்ந்து பழைய பதக்கங்களை எல்லாம் மறுபடி பரிசீலித்தது. 911 பெயர்களை அடித்தது. அந்த 864ம் அதில் போயின. அப்போது கார்னி உயிரோடு இல்லை, பரிந்து பேச வேண்டிய இடத்தில் அவருக்கு ஆளும் இல்லை. நாட்டில் இனப் பிரிவினை உச்சத்தில் இருந்த காலம். ஒரு கறுப்பின சார்ஜண்டின் பெயரை அடித்திருந்தால் கேட்க எத்தனை பேர் வந்திருப்பார்கள்? அடிக்க முடியவில்லை. எழுதியிருந்ததில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. வெறும் சடங்காக இருந்திருந்தால் அந்த 911ஓடு அதுவும் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் இந்த அவைக்குச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.